கௌரவத்தைத் தாண்டிய தண்ணீர்

எங்கள் ஊரில் மழைக்காலத்துத் தண்ணீரின் ஆழத்தை அடியிலோ முழத்திலோ சொல்வதில்லை. வரியில் சொல்வோம். "இண்டைக்குத் தண்ணி எங்க நிக்குது?" என்று காலையில் வேலிக்கு மேலால் கேட்டால், "வைக்கப்பட்டதுல நிக்குது" என்று பதில் வரும். அப்படியென்றால் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகலாம். "பெயரில நிக்குது" என்றால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாம், சின்னப் பிள்ளைகள் வீட்டில் நிற்க வேண்டும். "கௌரவத்தைத் தொட்டிட்டு" என்றால் அன்று ஒருவருக்கும் பள்ளிக்கூடம் இல்லை.

இந்த அளவுகோல் எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதில் என் பங்கு பெரிது. நெடுங்காலம் அதை ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தேன்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் ஒரு தோணா. வயல் வட்டையில் விழும் மழைத் தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் வாவிக்கு இறங்கும். கோடையில் ஆடு கூடக் கால் நனையாமல் தாண்டும். மாரியில் அந்த இடத்தில் வீதி காணாமல் போய்விடும். வீதிக்கு அடியில் தண்ணீர் போக ஒரு வழி வைத்து மேலே கொங்கிறீற் போட்டால் வேலை முடிந்தது. நல்ல தமிழில் அதற்கு மதகு என்று பெயர். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது கல்வேட்டு. என்ஜினியர்மார் சொல்லிச் சொல்லி ஊருக்குள் வந்த ஆங்கிலச் சொல்.

நான் நகரத்தில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கிறேன். கலியாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் வரும். எல்லாவற்றையும் விட அதிகமாக வருவது செத்த வீட்டுப் புத்தகம். முப்பத்தோராம் நாளுக்கு அடித்துக் கொடுக்கும் நினைவு மலரை எங்கள் பக்கம் கல்வெட்டு என்போம். சொந்தக்காரர் துக்கத்தில் எழுதிக் கொண்டுவரும் கையெழுத்துப் பிரதிகளில் அந்தச் சொல் கல்வட்டு, கல்வேட்டு, கழ்வெட்டு என்று பல உருவத்தில் இருக்கும். வருஷக் கணக்கில் அதையெல்லாம் சிவப்புப் பேனையால் கல்வெட்டு ஆக்கி வந்திருக்கிறேன்.

எங்கள் தொகுதிக்காரர் எம்.பி. ஆகிச் சில மாதம் கழித்து, கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். வாவியில் வலை போடுகிறவர். எனக்கு அண்ணன் முறை.

"தங்கச்சி, எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதியிருக்கன். நீ எழுத்துப்பிழை பாக்கிற ஆள். ஒருக்காப் பாரு. நம்மட பிள்ளையள் போற வழி."

அப்போது என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தாள். தோணாவுக்கு அங்கால் உள்ள பெரிய பள்ளிக்கூடத்துக்கு அவள் போகத் தொடங்கிய வருஷம் அது. அவளுடைய அப்பா கட்டாரில். பயப்படும் வேலை முழுக்க என்னிடம் விடப்பட்டிருந்தது.

அடுப்பில் சோறு கொதிக்க, கடிதத்தைப் பார்த்தேன். "பாடசாலை வீதியில் தோணா குறுக்கிடும் இடத்தில் எமது கிராம மக்களுக்கு ஒரு கல்வேட்டு அமைத்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றோம்." தாழ்மையில் ஒரு ழகரம் பிழை, திருத்தினேன். பிறகு கல்வேட்டைத் திருத்தினேன். கொம்பின் மேலே இருந்த சுழியை எடுத்துவிட்டேன். கல்வெட்டு.

மதகு என்று மாற்றியிருக்கலாம். கையில் சிவப்புப் பேனை இருக்கும்போது எனக்கு அர்த்தம் தெரிவதில்லை, எழுத்து மட்டுந்தான் தெரியும். தலைவர் அதை அழகாகப் பார்த்தெழுதி, முத்திரை குத்தி அனுப்பினார்.

மூன்றே வாரத்தில் பதில் வந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த எம்.பி.யும் எங்கள் ஊருக்கு அதுவரை மூன்று வாரத்தில் எதுவும் செய்ததில்லை. ஒரு கன்ரர் லொறியில் கறுப்புக் கல் ஒன்று வந்து இறங்கியது. இரண்டு பேர் தோணாவின் எங்கள் பக்கக் கரையில், வீதியோரமாக, சீமெந்து குழைத்து அதை நட்டார்கள். அடுத்த நாள் எம்.பி. வந்தார். மாலை போட்டோம். கல்லின் மேல் போட்டிருந்த மஞ்சள் துணியை இழுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அது அடிக்கல் என்றும், மறுகா கல்வேட்டு வரும் என்றும் ஊர் நினைத்தது.

நான் கை தட்டவில்லை. கல்லில் நான்கு வரி இருந்தது. "இக்கல்வெட்டு" என்பது முதல் வரி. "கௌரவ பாராளுமன்ற உறுப்பினர்" இரண்டாவது. மூன்றாவதில் அவருடைய பெயர். நான்காவது, "அவர்களால் திறந்து வைக்கப்பட்டது."

எழுத்துப்பிழை ஒன்று கூட இல்லை. நாங்கள் கல்வெட்டு கேட்டோம், அவர் கல்வெட்டுத் தந்தார், தந்ததைத் திறந்தும் வைத்தார். ஒரு கல்லை எப்படித் திறப்பது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தயா தங்கச்சி, உன்ட கடிதத்திட பவர!" நானும் சிரித்தேன். அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருஷம் போனது, பிறகு இன்னொன்று. மதகு வரவில்லை. அந்தக் கல்லுக்குத்தான் வேலை வந்தது. மீன்காரர் பெட்டியை வைத்து இளைப்பாறினார்கள், ஆட்டைக் கட்டினார்கள், மாரியில் பிள்ளைகள் தண்ணீரின் ஆழம் பார்த்தார்கள். வரியை எழுத்துக்கூட்டி வாசித்தே எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகள் தமிழ் படித்தார்கள் என்றும் சொல்லலாம். கௌரவ என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை.

போன மாரியில், ஒரு நாள் காலை, தண்ணீர் "வைக்கப்பட்டது"வில் நின்றது. மகள் சைக்கிளில் போனாள். பகல் முழுக்க மேற்கே வட்டைப் பக்கம் ஊற்றியிருக்கிறது. அவள் திரும்பி வந்தபோது தண்ணீர் கௌரவத்தில் நின்றது. கரையில் காத்திருந்திருக்கலாம். ரியூசனுக்கு நேரமாகிறது என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். பாதியைத் தாண்டியதும் வீதியின் ஓரம் காலுக்குக் கீழே கரைந்துவிட்டது. சைக்கிள் போனது. இவள் கல்லைக் கட்டிப் பிடித்திருக்கிறாள். தலைவர் தோணியைக் கொண்டு வந்து தூக்கும் வரைக்கும் கல்லோடு கல்லாக, கன்னத்தை "இக்கல்வெட்டு" என்ற வரியில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நான் அச்சகத்திலிருந்து வந்தபோது அவள் பெரிய துவாயைச் சுற்றிக்கொண்டு பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தாள். "ஒண்டும் இல்லம்மா" என்றாள். அவளுடைய கன்னத்தில் கல்லின் எழுத்துப் பதிந்து லேசாகச் சிவந்திருந்தது. எந்த எழுத்து என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஊர் அதைப் பகிடியாக்கியது. "எம்.பி.யைக் கட்டிப்பிடிச்ச பிள்ளை" என்றார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் மழை இருட்டினால் புரூப் தாளில் என் திருத்தம் வேறு வரியில் போய் விழுகிறது. நான் எழுத்திலிருந்து எடுத்த சுழி தண்ணீரில் போய்ச் சுழன்றது என்று அடிக்கடி தோன்றும்.

மழை தொடங்கும் நேரத்தில் தேர்தல் வந்தது. எம்.பி. மறுபடியும் வாக்குக் கேட்டார். அவருடைய சாதனைப் புத்தகம் அச்சுக்கு எங்கள் அச்சகத்துக்கு வந்தது. புரூப் என் மேசைக்கு வந்தது. நல்ல வழுவழுப்பான கடதாசி, படங்கள். பல பக்கம் தள்ளி, "பாலங்களும் மதகுகளும்" என்ற தலைப்பின் கீழ் எங்கள் ஊரின் பெயரைக் கண்டேன். "பாடசாலை வீதிக் கல்வெட்டு: நிறைவு."

சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு, புத்தகத்தைக் கொண்டுவந்த இணைப்பாளரைக் கூப்பிட்டேன். எம்.பி.யின் வேலைகளையெல்லாம் பார்க்கிற இளந்தாரி. எந்நேரமும் இரண்டு போன்.

"தம்பி, இந்த இடத்தில ஒரு சந்தேகம். இது கல்வெட்டா, கல்வேட்டா?"

அவர் போனைக் காதில் இருந்து எடுக்காமலே பார்த்தார். "பாலங்கள் எண்ட தலைப்புக்குக் கீழதானே கிடக்கு அக்கா. அப்ப கல்வேட்டுத்தான். அது இங்கிலீஷ். மதகெண்டு நல்ல தமிழ்ல போடுங்க."

"மதகு எண்டு போடவா? நிச்சயமா?"

"போடுங்க அக்கா. சனத்துக்கு விளங்கட்டும்."

"அப்ப ஓரத்தில ஒரு கையெழுத்து வையுங்க."

வைத்தார். நான் "மதகு" என்று திருத்தினேன். அந்தத் திருத்தம் சரியான வரியில்தான் விழுந்தது. ஒரு புரூப் பார்க்கிறவள் செய்யக்கூடாத காரியம் எதையும் நான் செய்யவில்லை. கேட்டேன், கையெழுத்து வைத்தார்கள், திருத்தினேன். ஆனாலும் அன்றைக்குப் பஸ்ஸில் வீடு திரும்பும்போது, களவெடுத்த மாங்காயை மடியில் வைத்திருப்பவள் மாதிரி இருந்தேன்.

புத்தகம் ஊருக்கு வந்த அன்று மாலையே தலைவர் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "நம்மட ஊரில ஒரு மதகு இரிக்காம் கா! ஆராவது கண்டயளா?" தேடிப் பார்ப்போம் என்று ஆள் சேர்த்தார். யாரோ தோணாவுக்குப் போய்க் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்களாம். "மதகு உள்ளுக்குள்ள இரிக்குமோ தெரியா" என்றார்களாம்.

தேர்தல் கூட்டம் எங்கள் ஊர்ப் பல்தேவைக் கட்டிடத்தில், ஊரின் பொது மண்டபம் அதுதான். எம்.பி. வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். கெட்ட மனிதர் அல்ல. அதையும் சொல்ல வேண்டும். அவரால் எங்கள் ஊர் வைத்தியசாலைக்கு மருந்தாளர் ஒருவர் வந்தார், நின்றுபோயிருந்த பஸ் மறுபடி ஓடியது. வாக்குக் கேட்கிற ஆளை நிறுத்துப் பார்க்கும்போது இதெல்லாம் ஒரு தட்டில். மற்றத் தட்டில் என் மகள் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம். எந்தத் தட்டில் என் சிவப்புப் பேனையை வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அவர் பேசி முடித்ததும் தலைவர் எழுந்தார்.

"சேர், மதகுக்கு ஊர்ச்சனம் சார்பா நன்றி. நல்ல மதகு. ஒரு குறைதான். எங்களுக்கு அதுக்கு மேலால நடக்கத் தெரியல்ல. நீங்க ஒருக்கா நடந்து காட்டினா, நாங்க பாத்துப் பழகிருவம்."

சனம் வாயைப் பொத்தியது. எம்.பி. இணைப்பாளரைப் பார்த்தார். இணைப்பாளர் இரண்டு போனையும் கீழே வைத்தார். அப்படி நான் கண்டது அந்த ஒரு முறைதான். வாகனத்துக்கு ஓடிப்போய் ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து புரட்டினார். அத்தனை வருஷத்துக்கு முந்திய கடிதத்தை ஓர் அலுவலகம் பத்திரமாக வைத்திருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. அவர்களுடைய செயல்திறனை நான் குறைவாக மதிப்பிட்டிருந்தேன்.

"இந்தா இரிக்கு சேர்." இணைப்பாளரின் குரல் ஏறியது. "அவங்கட கடிதத்திலயே தெளிவா எழுதியிருக்கு. ஒரு கல்வெட்டு அமைத்துத் தருமாறு. அவங்க கேட்டதைத்தான் நாங்க குடுத்திருக்கம். தலைவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் கிடக்கு."

தலைவர் கடிதத்தை வாங்கினார். எட்டத்தில் பிடித்து, கிட்டப் பிடித்து வாசித்தார். அவருடைய முகம் சுருங்கியது. "நான் எழுதினது கல்வேட்டு. இது என்னண்டு…"

மகள் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் எழுந்தேன்.

"அண்ணன், அது நான் திருத்தினது. நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க. பிழை எண்டு நினைச்சுச் சுழியை எடுத்திட்டன். கல் வந்த அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு. வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லல்ல."

தலைவர் என்னைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் நெற்றியில் கையை அடித்துக்கொண்டு, "அடி பாவி, அப்ப தாழ்மையையும் நீ எடுத்திருக்கலாமே!" என்றார். சிரிப்பு கூரைத் தகட்டைத் தூக்கியது.

எம்.பி.யும் நன்றாகச் சிரித்தார். அவர் முகத்தில் பாரம் இறங்கியது தெரிந்தது. "அப்ப பிழை எங்கட பக்கம் இல்லத்தானே அக்கா."

அந்த இடத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது. "என்ட பிழை ஒரு சுழி, சேர். அதை ஒத்துக்கொள்றன். ஆனா தோணாவுக்கு நடுவில சனம் ஏன் கல்லுக் கேக்குது எண்டு உங்கட அலுவலகத்தில ஒருத்தரும் யோசிக்கல்லையா? துணியை இழுக்கக்குள்ள நீங்களும் தண்ணியைப் பாக்கல்லையா? மறுகா, கல்லு திறந்து வைக்கப்பட்டது எண்டு வெட்டக்குள்ள அந்தக் கல்வெட்டுற ஆளுக்காவது சிரிப்பு வந்திருக்கோணும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் விடவில்லை. "வாங்க சேர், ஒருக்கா உங்கட பெயரைப் பாத்திட்டு வருவம்."

சனம் முழுக்கத் தோணாவுக்கு நடந்தது. அன்று காலையில்தான் மழை விட்டிருந்தது. தண்ணீர் பெயரின் கீழே நின்றது. எம்.பி. வேட்டியை மடித்துக் கட்டினார். இணைப்பாளர் "வேணாம் சேர், போட்டோ எடுத்துருவாங்க" என்று சொல்லியும் இறங்கினார். இரண்டு எட்டு வைத்ததும் தடுமாறினார். அடியில் மண் இழுக்கும், எங்களுக்குத் தெரியும்.

அப்போது என் மகள் கரையிலிருந்து சொன்னாள், வகுப்பில் பதில் சொல்வது போல மரியாதையாக:

"சேர், கல்லைப் பிடிச்சிக்கொண்டு நில்லுங்க. அது அசையாது. நான் பிடிச்சுப் பாத்தனான்."

அவர் பிடித்தார். கையை எடுக்காமல் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளைப் பற்றி அவருக்குத் தெரியாது. தலைவர் மெதுவாகப் போய்க் காதில் சொன்னார். எவ்வளவு சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. எம்.பி. தம்முடைய பெயரின் மேல் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் பகிடி விடவில்லை. நானும் அப்போதுதான் முதல் தடவையாக அந்தக் கல்லைப் பயமில்லாமல் பார்த்தேன்.

"தேர்தல் நேரம்" என்று கரைக்கு வந்து சொன்னார். "அரசாங்க வேலை ஒண்டும் இப்ப தொடங்க ஏலாது. சட்டம்." அவ்வளவுதான். போய்விட்டார். "அந்தா போகுது மதகு" என்றார் தலைவர்.

நான்காம் நாள் காலையில் ஒரு லொறி வந்தது. மூன்று பெரிய கொங்கிறீற் குழாய், மண் மூட்டை, கருங்கல் ஒரு குவியல். ஆர் அனுப்பினது என்று கேட்டோம். "எனக்குத் தெரியா. இஞ்ச இறக்கச் சொன்னாங்க" என்றார் சாரதி. பெயர்ப்பலகை இல்லை, துணி இல்லை, மாலை இல்லை. எம்.பி. ஆட்களைக் கேட்டால் "எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று சத்தியம் செய்தார்கள். எதிர்த்து வாக்குக் கேட்டவரின் ஆட்கள் வந்து "நாங்கதான்" என்றார்கள். "அப்ப சட்டம் மீறியிருக்கிறயள்" என்று தலைவர் சொன்னதும் "நாங்க இல்ல" என்று போனார்கள். இரண்டு பக்கமும் மறுத்த அபிவிருத்தி எங்கள் மாவட்டத்திலேயே அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மழை விட்ட இரண்டு நாளில் ஊர் கூடிக் குழாய்களை இறக்கியது. நானும் லீவு போட்டு மண் சுமந்தேன். கல்லைப் பிடுங்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். மகள்தான் கூடாது என்றாள். "அது நிண்ட இடத்திலயே நிக்கட்டும். நமக்கு ஆழம் பாக்கத் தேவை." கல் அப்படியே நிற்கிறது. இப்போது அதற்குப் பக்கத்தில் நாங்கள் கேட்ட மதகும் இருக்கிறது.

வாக்குப் போடும் அறையில் வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்களுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் இருமினார்கள். மூன்று வாரத்தில் பிழையானதைத் தந்தவர், நான்கு நாளில் சரியானதைத் தந்தவர், இரண்டாவதைத் தான் தரவில்லை என்கிறவர். எங்கே புள்ளடி போட்டேன் என்பதை மகளுக்கே சொல்லவில்லை. எந்தத் தயக்கமும் இல்லாமல் போட்டேன் என்று மட்டும் சொன்னால் அது பொய். எம்.பி. வென்றார், அவருடைய கட்சியிலிருந்து தெரிவானவர்களில் கடைசி ஆளாக.

மழை தொடங்கிவிட்டது. குழாய்க்குப் பக்கச் சுவர் இல்லை, ஓரத்தில் விழுந்தால் விழுந்ததுதான். தலைவர் புதிய எம்.பி.க்கு, அதாவது பழைய எம்.பி.க்கு, ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தார். "பாரு தங்கச்சி. ஆனா பேனையை அங்கால வை."

வைத்தேன். கைப்பிடிச் சுவர் என்று எழுதியிருந்தார். ஏழு தடவை வாசித்தேன். பிழை இல்லை. இருந்தாலும் மகளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, தோணாவையும் குழாய்களையும் இரண்டு பக்கச் சுவரையும் படமாக வரைந்து கடிதத்தோடு சேர்க்கச் சொன்னேன். வரைந்தாள். கல்லையும் வரைந்தாள். அதன் பக்கத்தில் சைக்கிளோடு ஒரு பிள்ளை.

இன்று காலையும் வாசலில் நின்று, அவளுடைய வெள்ளைச் சட்டை தோணாவைத் தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மகள், தண்ணி எங்க நிக்குது?" என்று கத்தினேன்.

சைக்கிளை நிறுத்தாமலே திரும்பிக் கத்தினாள்: "குழாய்க்குள்ளம்மா! கௌரவம் காய்ஞ்சு போய் நிக்குது!"